கைபேசியில் சொல்லொழுக்கம்
(மாலைப் பள்ளி, ஞாயிறு வகுப்பு ஆசிரியர்களுக்கான பாடம்)

ஒழுக்கம் என்பது பிறரோடு கூடி வாழ்வதற்கென மக்கள் அமைத்துக்கொண்ட நெறி. தெருவில் நடக்க ஒரு நெறி உண்டு. சபையில் பேச ஒரு நெறி உண்டு. வீட்டுக்கு வந்தவரை எதிர்கொள்ள ஒரு நெறி உண்டு. இவற்றை நாம் எந்தப் புத்தகத்தையும் பார்த்துக் கற்றோமில்லை. தாய் செய்வதைக் கண்டு மகள் கற்றாள். தந்தை செய்வதைக் கண்டு மகன் கற்றான். ஆனால் கைபேசி நம் வீடுகளுக்குள் வந்தபோது, அதன்வழிப் பேசும் நெறி தாய்க்கும் தெரிந்திருக்கவில்லை, தந்தைக்கும் தெரிந்திருக்கவில்லை. பிள்ளைகள் கருவியைத் தாமே இயக்கக் கற்றனர். பல வீடுகளில் பெற்றோருக்கும் அவர்களே கற்பித்தனர். இயக்கும் முறை இவ்வாறு பரவியது. அதனால் பேசும் முறையைக் கற்பிக்க மட்டும் ஒருவரும் இல்லாமற் போயினர். அப்பொறுப்பு இன்று ஆசிரியரிடம் வந்து நிற்கிறது.

இதன் அளவை உணர ஒரு கணக்கைக் காண்போம். நாட்டின் கிராமப்புறங்களில் 2024-ஆம் ஆண்டு எடுக்கப்பட்ட 'அசர்' என்னும் கல்விக் கணக்கெடுப்பில், 14 முதல் 16 வயது வரையுள்ள பிள்ளைகளில் நூற்றுக்கு எண்பது பேருக்கு மேல் ஸ்மார்ட்போனை இயக்க அறிந்திருந்தனர். முந்திய ஒரு வாரத்தில் அதனைப் படிப்புக்காகப் பயன்படுத்தியதாகச் சொன்னோர் 57 விழுக்காடு. சமூக ஊடகத்துக்காகப் பயன்படுத்தியதாகச் சொன்னோர் 76 விழுக்காடு. சமூக ஊடகத்தில் உள்ளவர்களுள்ளும், தமக்குத் தொல்லை தருபவரைத் தடுக்கவோ அவர்மீது புகார் செய்யவோ அறிந்தவர் 62 விழுக்காடே. எஞ்சியோர் கதவுக்குத் தாழிடத் தெரியாமல் தெருவோர வீட்டில் குடியிருப்பவரை ஒப்பர்.

ஆதலின் இப்பாடத்தில் இரண்டு பொருள்களை ஆராய்வோம். மாணாக்கர்க்கு இணைய ஒழுக்கத்தைக் கற்பிப்பது எவ்வாறு என்பது ஒன்று. அதனைக் கற்பிக்கும் ஆசிரியர் தம் தொழிலில் வளர்வது எவ்வாறு என்பது மற்றொன்று. இவ்விரண்டும் ஒரே வேலையின் இரு பக்கங்கள் என்பது பாடத்தின் முடிவில் விளங்கும்.

1. வாக்கின் குற்றம் நான்கு

இணையம் புதியது. அதில் நிகழும் குற்றங்களோ பழையவை. சொல்லினால் விளையும் குற்றங்களை மணிமேகலை நான்காக எண்ணுகிறது. பொய், கோள், கடுஞ்சொல், பயனில்லாத சொல் என்பன அவை. திருக்குறளிலும் வாய்மை, புறங்கூறாமை, இனியவை கூறல், பயனில சொல்லாமை என்று தனித்தனி அதிகாரங்கள் உள்ளன. மாணாக்கரிடம் புதிதாக ஐம்பது விதிகளை ஒப்புவிக்கச் சொல்வதைக் காட்டிலும், இந்நான்கையும் கைபேசியில் பொருத்திக் காட்டுவது எளிது. அவர்கள் மறக்கவும் மாட்டார்கள்.

பொய். 2018-ஆம் ஆண்டில் நாட்டின் பல மாநிலங்களில் 'பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருக்கிறார்கள்' என்னும் வதந்தி வாட்ஸ்அப் வழியாகப் பரவியது. அதனோடு ஒரு வீடியோவும் சுற்றியது. மோட்டார் சைக்கிளில் வந்த இருவர் தெருவில் விளையாடும் சிறுவனைத் தூக்கிச் செல்லும் காட்சி அது. உண்மையில் அது பாகிஸ்தானின் கராச்சி நகரில், பிள்ளைகளின் பாதுகாப்பை வலியுறுத்தி எடுக்கப்பட்ட விளம்பரப் படம். அதன் இறுதியில் அவர்கள் சிறுவனைத் திரும்பக் கொண்டுவந்து விட்டு, பெற்றோர் விழிப்பாயிருக்க வேண்டும் என்று அறிவுறுத்துகின்றனர். அந்த இறுதிப் பகுதியை யாரோ வெட்டி எறிந்துவிட்டு எஞ்சியதைப் பரப்பினர்.

விளைந்தது என்ன? அவ்வாண்டு மே மாதத்தில் திருவண்ணாமலை மாவட்டத்துக்குக் குலதெய்வக் கோயிலைத் தேடி வந்த 65 வயது மூதாட்டி ஒருவர், வழியில் கண்ட குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்ததற்காக அடித்துக் கொல்லப்பட்டார். அதே மாதத்தில் பெங்களூரில் பிழைப்புத் தேடி வந்த ராஜஸ்தான் இளைஞர் ஒருவர் கொல்லப்பட்டார். ஜூலை 1-ஆம் நாள் மகாராஷ்டிரத்தின் துளே மாவட்டத்து ரெயின்பாடா என்னும் ஊரில், ஊர் ஊராகச் சென்று பிச்சையேற்று வாழும் நாடோடிச் சமூகத்தைச் சேர்ந்த ஐந்து பேர் கூட்டத்தால் அடித்துக் கொல்லப்பட்டனர். மாண்டவர் எல்லாரும் அவ்வூருக்குப் புதியவர்கள், தமக்காகப் பேச அங்கு ஒருவரும் இல்லாதவர்கள். அந்த வீடியோவை அனுப்பியவர்களுள் பெரும்பாலோர் கொலை செய்ய எண்ணியவர் அல்லர். தம் பிள்ளைகளைக் காக்க எண்ணியே அனுப்பினர். நல்லெண்ணம் இருந்தால் பொய் தீங்கு செய்யாது என்று நினைப்பது எத்துணைப் பிழை என்பதை இதனால் அறியலாம்.

இதன்பின் 2018 ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம், வந்த செய்தியை ஒரே முறையில் ஐந்து இடங்களுக்கு மேல் அனுப்ப இயலாதவாறு நம் நாட்டில் கட்டுப்படுத்தியது. 2020 ஏப்ரலில், பல கை மாறிய செய்தியை ஒரு முறைக்கு ஓரிடத்துக்கே அனுப்பலாம் என்று செய்தது. அத்தகைய செய்தியின் தலையில் இரட்டை அம்புக்குறி காணப்படும். மாணாக்கர்க்கு இக்குறியைக் காட்டி, 'இது பல கை மாறி வந்தது. எழுதியவர் இன்னார் என்று உனக்கு இதைக் கொடுத்தவருக்கும் தெரியாது' என்று விளக்குக.

கோள். ஒருவர் நம்மை நம்பிச் சொன்னதை மற்றொருவரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது கோள். கைபேசியில் இதற்கு நாவும் வேண்டியதில்லை. இரண்டு பொத்தான்களை ஒருங்கே அழுத்தினால் ஸ்கிரீன்ஷாட் உண்டாகிவிடும். முற்காலத்துக் கோளில் ஒரு சொல் கூடும், ஒரு சொல் குறையும்; கேட்பவரும் பாதியே நம்புவார். இக்காலத்துக் கோள் எழுதியவரின் சொல்லையே படமாக எடுத்துச் செல்வதால், அதனை மறுக்க வழியில்லை. ஆயினும் முன்னும் பின்னும் உள்ளவை அதில் இரா. முன்னிருந்த நான்கு வரிகளை விட்டு ஐந்தாவது வரியை மட்டும் காட்டினால், விளையாட்டாகச் சொன்னது வசையாகத் தோன்றும். நண்பர்கள் பிரிவதும், ஒரு மாணவி வகுப்புக்கு வரவே அஞ்சி நிற்பதும் பெரும்பாலும் இதனாலேயே.

கடுஞ்சொல். எதிரில் நின்று ஒருவரை வைதால் அவர் முகம் வாடுவதைக் காண்கிறோம். கண்டவுடன் நாமும் சற்றுத் தணிகிறோம். கைபேசியில் முகம் இல்லை. ஆதலால் நிறுத்துவதற்கு ஒன்றும் இல்லை. இணையத்தை உருவாக்கிய பொறியாளர்களே இதனை முன்பே அறிந்திருந்தனர். 1995 அக்டோபரில், சாலி ஹாம்பிரிட்ஜ் என்னும் அம்மையார் தொகுத்த இணைய ஒழுக்கக் குறிப்புகளை அவர்கள் வெளியிட்டனர். சினத்தோடு எழுதும் பதிலை அன்றே அனுப்பாது ஓர் இரவு பொறுத்திருக்க வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. முப்பது ஆண்டுக்குமுன் சொன்ன அவ்வொரு விதியைக் கைக்கொண்டால் இன்றுள்ள சண்டைகளிற் பாதி எழாது.

நம் பிள்ளைகளைப் பொறுத்த மட்டில் கடுஞ்சொல் பற்றி மேலும் ஒன்று சொல்ல வேண்டும். சாதிப் பெயரைச் சொல்லி இழிப்பது வகுப்பறையை விட்டு இப்போது வகுப்பின் வாட்ஸ்அப் குழுவுக்குள்ளும் இடம் பெயர்ந்துள்ளது. கேலிப் படமாகவும், பாட்டாகவும், அடைமொழியாகவும் வருகிறது. அதனை 'விளையாட்டு' என்பர். 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பொதுமக்கள் பார்வையில் படும்படி இழிவுபடுத்துவதைக் குற்றமாக்குகிறது. இணையத்தில் ஏற்றிய வீடியோவும் பொதுமக்கள் பார்வையில் நிகழ்ந்ததாகவே கொள்ளத்தக்கது என்று கேரள உயர்நீதிமன்றம் 2022-இல் கூறியுள்ளது. இதனை நம் மாணாக்கர் அறிந்திருத்தல் வேண்டும். அதனோடு, தாமும் வேறொருவரை மொழியாலோ, ஊராலோ, உடற்குறையாலோ இழிக்கலாகாது என்பதையும் அறிந்திருத்தல் வேண்டும். தனக்கு நேர்ந்தால் வலிக்கிறது என்று அறிந்தவனுக்கே இதை விளக்குவது எளிது.

பயனில்லாத சொல். இது சிறு குற்றம்போல் தோன்றும். நம் குடும்பங்களின் நிலையை எண்ணிப் பாருங்கள். பல வீடுகளில் கைபேசி ஒன்றே. தந்தை வேலைக்கு எடுத்துச் சென்று இரவில் திரும்பிய பின்பே பிள்ளை அதனைத் தொட முடியும். ஒரு நாளைக்கு வாங்கிய டேட்டா ஓரளவே. அதற்குள் நாற்பது காலை வணக்கப் படங்களும், இருபது சிரிப்பு வீடியோக்களும் வந்து நிறைந்தால், ஆசிரியர் அனுப்பிய வீட்டுப்பாடம் அடியிற் போய்விடும். ஒருவனுடைய பொழுதுபோக்கு மற்றொருவனுடைய படிப்பைத் தின்கிறது.

2. தராததை எடுத்தல்

மேற்சொன்ன நான்கில் அடங்காத ஒரு குற்றமும் உண்டு. அதனைக் களவின் பாற்படுத்துக. பிறர் தராததை எடுப்பது களவு எனின், கேளாமல் ஒருவரைப் படம் பிடிப்பது என்ன? நண்பனின் பாஸ்வேர்டைத் தெரிந்துகொண்டு அவன் கணக்கில் நுழைவது என்ன? இணையத்திலிருந்தோ செயற்கை நுண்ணறிவுக் கருவியிடமிருந்தோ கட்டுரையைப் பெற்றுத் தன் பெயரை எழுதிக் கொடுப்பது என்ன? பொருளைத் தொடாமலே இவை நிகழ்வதால் களவென்று பிள்ளைகளுக்குத் தோன்றுவதில்லை.

படத்தைக் குறித்து ஒரே விதி போதும்: எடுக்குமுன் கேள், பிறர்க்கு அனுப்புமுன் மறுபடியும் கேள். முதல் இசைவு இரண்டாவதற்குச் செல்லாது. தோழிக்காகச் சிரித்து நின்றவள் ஊருக்காக நின்றவள் அல்லள்.

பிள்ளைகளிடமிருந்து எடுப்பவர்களும் உளர். விளையாட்டுச் செயலிகளும் பிறவும் பெயர், இருப்பிடம், விருப்பம் ஆகியவற்றைத் திரட்டுகின்றன. 2023-ஆம் ஆண்டின் தனிநபர் மின்தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிறையாதவரின் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் இசைவு வேண்டும் என்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின; அவை படிப்படியாக நடைமுறைக்கு வரவேண்டியவை. சட்டம் ஒருபுறம் இருக்க, 'இந்தச் செயலி உன் வீட்டு முகவரியை ஏன் கேட்கிறது?' என்று வினவும் பழக்கத்தைப் பிள்ளைக்கு உண்டாக்குவது ஆசிரியர் கடமை.

3. கற்பிக்கும் முறை

ஆலைகளில் சுவர்தோறும் எச்சரிக்கைப் பலகை தொங்கும். ஓடும் எந்திரத்தின் அருகே தொளதொளத்த சட்டை கூடாது, தோளில் துண்டு கூடாது என்று பெரிய எழுத்தில் எழுதியிருக்கும். புதிதாக வந்த பையன் அதைப் படிப்பான். இரண்டாம் நாள் மறப்பான். ஆனால் அவன் பக்கத்தில் நிற்கும் மூத்த தொழிலாளி நாள்தோறும் உள்ளே வந்ததும் துண்டை எடுத்து ஆணியில் மாட்டிவிட்டு வேலை தொடங்குவாராயின், ஒரு வாரத்தில் பையனின் துண்டும் பக்கத்து ஆணியில் தொங்கும். கல்வியின் இயல்பு இதுவே. ஆதலின் கீழ்வரும் பாடங்களில் பலகை எழுத்தைக் குறைத்துச் செய்கையை மிகுத்துள்ளேன். இவற்றுள் எதற்கும் கைபேசி தேவையில்லை.

முதற் பாடம், 8 முதல் 10 வயதினர்க்கு. 'நாளை பள்ளிக்கு விடுமுறையாம்' என்று ஒரு துண்டுத் தாளில் எழுதி முதல் வரிசைப் பிள்ளையிடம் கொடுங்கள். தாள் கை மாறிக் கடைசி வரிசைக்குச் செல்லட்டும். பின்னர்க் கடைசிப் பிள்ளையிடம் மூன்று கேள்வி கேளுங்கள். யார் சொன்னது? எப்போது சொன்னது? நீ எவ்வாறு உறுதி செய்தாய்? விடை வராது. ஒவ்வொருவரும் முன்னிருந்தவரைக் காட்டுவர். 'அந்தத் தாள் உன் கையில் வந்தபோது நீ என்ன செய்திருக்கலாம்?' என்று கேளுங்கள். 'டீச்சரிடம் கேட்டிருக்கலாம்' என்று ஒரு பிள்ளையேனும் சொல்லும். பாடம் அவ்வளவே.

இரண்டாம் பாடம், 11 முதல் 13 வயதினர்க்கு. 'நீ வரவேண்டாம்' என்னும் இரு சொற்களைக் கரும்பலகையில் எழுதுங்கள். ஒரு மாணவன் அதனைச் சினத்தோடு படிக்கட்டும். மற்றொருத்தி, காய்ச்சலில் கிடக்கும் தோழியிடம் சொல்வதுபோல் பரிவோடு படிக்கட்டும். மூன்றாமவன் கேலியாகப் படிக்கட்டும். எழுத்து ஒன்றே, பொருள் மூன்று. குரலும் முகமும் இல்லாத இடத்தில், படிப்பவர் தம் மனத்திலுள்ள குரலையே அதற்குக் கொடுத்துக்கொள்வர். ஆதலால் எழுதுபவர் இன்னும் இரண்டு சொல் சேர்த்து எழுத வேண்டும். படிப்பவர் சினக்குமுன் ஒரு முறை கேட்க வேண்டும். 'உனக்கு உடம்பு சரியில்லை, நீ வரவேண்டாம்' என்று எழுதிக் காட்டினால் பிள்ளைகள் தாமே வேற்றுமையை உணர்வர்.

மூன்றாம் பாடம், 14 முதல் 16 வயதினர்க்கு. ஒரு கற்பனை நிகழ்ச்சியைச் சொல்லுங்கள். நாற்பது பேர் உள்ள வகுப்புக் குழுவில் ஒருவன் வேறொரு மாணவனின் படத்தைக் கோணலாக மாற்றிப் போடுகிறான். மூவர் சிரிக்கும் பொம்மையை அனுப்புகின்றனர். முப்பத்தைந்து பேர் பார்த்துவிட்டு மௌனமாயிருக்கின்றனர். இழிக்கப்பட்டவன் ஒருவன். இப்போது கேளுங்கள்: அந்த ஒருவனின் கண்ணுக்கு, சிரித்தவர் எத்தனை பேர்? பிள்ளைகள் மூன்று என்பர். சற்று எண்ணியபின் முப்பத்தெட்டு என்பர். மௌனமும் சிரிப்பாகவே அவனுக்குத் தெரியும் என்பதை அவர்களே கண்டுகொள்வர். அடுத்து, அந்த முப்பத்தைந்து பேரில் ஒருவர் செய்யக்கூடியது என்ன என்று எழுதச் சொல்லுங்கள். 'இதை எடுத்துவிடு' என்று குழுவிலேயே சொல்லலாம். அஞ்சினால், இழிக்கப்பட்டவனுக்குத் தனியே 'நான் உன் பக்கம்' என்று எழுதலாம். பெரியவர் ஒருவரிடம் சொல்லலாம். நம் பிள்ளைகள் இந்நிகழ்ச்சியில் ஒருநாள் அந்த ஒருவனாக இருப்பர். ஒருநாள் அந்த முப்பத்தைவருள் இருப்பர். இரண்டுக்கும் அவர்களை ஆயத்தம் செய்தல் வேண்டும்.

மூன்று பாடங்களும் முடிந்தபின், வகுப்புக் குழுவுக்குரிய விதிகளை மாணாக்கரையே எழுதச் சொல்லுங்கள். ஐந்துக்கு மேல் வேண்டாம். தாம் எழுதியதை மீறப் பிள்ளைகள் கூசுவர்.

4. ஆசிரியரின் கைபேசி

நிற்க. விதிகளை எழுதிய பிள்ளைகள் முதலில் பார்ப்பது யாரை? ஆசிரியரை. பாடம் நடத்துகையில் அவர் மேசைமேல் கைபேசி அதிர்ந்ததும் எடுத்துப் பார்ப்பாராயின், அன்றைய பாடம் அதுவே.

ஆகவே ஆசிரியர் தமக்கென விதித்துக்கொள்ள வேண்டியவை சில உள. ஒரு மாணவனின் குறையைக் குழுவில் எழுதலாகாது. நேரில் அழைத்துச் சொல்க. எல்லார் மதிப்பெண்ணையும் ஒரே தாளில் படமெடுத்துக் குழுவில் போடுதல் தகாது. பிள்ளையின் தேய்ந்த செருப்பையோ கிழிந்த பையையோ படமெடுத்து, உதவி கேட்டு ஊருக்கு அனுப்புதல் தகாது. உதவி வரலாம், அப்படம் அவன் வளர்ந்தபின்னும் அவனைத் தொடரும். இரவு ஒன்பது மணிக்கு மேல் வீட்டுப்பாடம் அனுப்பலாகாது. மாணவ மாணவியருடன் தனியே செய்தி பரிமாறுதலைத் தவிர்த்து, பெற்றோரோ மற்றோர் ஆசிரியரோ உள்ள இடத்திலேயே எழுதுக. இது பிள்ளைக்கும் காவல், ஆசிரியருக்கும் காவல். பெண் பிள்ளைகளின் எண் குழுவிலுள்ள எல்லார்க்கும் தெரியும் என்பதை மறவாது, குழுவில் பெற்றோரின் எண்ணைச் சேர்ப்பதே நன்று. வந்த செய்தியை ஆராயாமல் பரப்பும் ஆசிரியர், முதற் பாடத்தைத் தம் கையாலேயே அழித்தவராவார்.

5. ஆசிரியரின் வளர்ச்சி

2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, ஆசிரியர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 50 மணி நேரமேனும் தொழில் வளர்ச்சிக்கான பயிற்சி பெற வேண்டும் என்கிறது. 2019 ஆகஸ்டில் தொடங்கிய 'நிஷ்டா' என்னும் ஆசிரியர் பயிற்சித் திட்டம், கொரோனாவால் பள்ளிகள் மூடிக்கிடந்தபோது 2020 அக்டோபரில் இணையத்துக்கு மாற்றப்பட்டது. அது நடைபெற்ற 'தீக்ஷா' என்னும் தளம் 2017-இல் உண்டாயது. தமிழ் உள்ளிட்ட பல மொழிகளில் பாடப்பொருள்கள் அதில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. அதே ஆண்டில் தொடங்கிய 'ஸ்வயம்' தளத்தில் கல்லூரி நிலைப் பாடங்களைப் படிக்கலாம். நம் மாலைப் பள்ளிகளில் தொண்டு செய்யும் இளைஞர்கள் அரசு ஆசிரியர் அல்லராயினும், இவற்றிலுள்ள பாடங்களைப் பார்த்துப் பயன்பெறத் தடையில்லை.

ஆயினும் ஐம்பது மணி நேரம் திரையைப் பார்த்திருப்பது வளர்ச்சியாகிவிடாது. வீடியோவை ஓடவிட்டுவிட்டு அடுப்பைப் பார்த்தாலும் சான்றிதழ் வந்துவிடும். கற்றது மறுநாள் வகுப்பில் என்ன மாறுதலைச் செய்தது என்பதே அளவுகோல். அதற்கு மூன்று வழிகளைக் கூறுவேன்.

முதலாவது, குறிப்பேடு. வாரம் ஒரு பக்கம் போதும். இவ்வாரம் எதைக் கற்பிக்க முயன்றேன், பிள்ளைகள் என்ன செய்தனர், அடுத்த முறை எதை மாற்றுவேன் என்று மூன்று பத்தியாக எழுதுக. ஓராண்டு கழித்து அந்த ஐம்பது பக்கங்களைப் புரட்டினால், எந்தப் பயிற்சியாளரும் சொல்லித்தர இயலாத பாடம் அதில் கிடைக்கும்.

இரண்டாவது, கூட்டம். அருகருகே உள்ள நான்கைந்து வகுப்புகளின் ஆசிரியர்கள் மாதம் ஒரு முறை கூடுக. ஒவ்வொருவரும் தம் வகுப்பில் நேர்ந்த ஒரு சிக்கலைக் கொண்டுவருக. பிள்ளையின் பெயர் கூறற்க. ஒருவர் வகுப்பில் மற்றொருவர் சென்று பின்வரிசையில் அமர்ந்து காண்க. குற்றம் கண்டுபிடிக்கவன்று, பிள்ளைகள் எந்த இடத்தில் கவனம் இழந்தனர் என்று சொல்ல. நடத்துபவர் கண்ணுக்கு அது தெரியாது.

மூன்றாவது, மாணாக்கரிடம் கற்றல். புதிய செயலி வந்தால் பதினான்கு வயதுப் பெண்ணுக்கு நம்மினும் நன்றாகத் தெரியும். 'இதை எனக்குக் காட்டம்மா' என்று கேட்பதில் ஆசிரியர்க்கு இழுக்கு ஏதும் இல்லை. அவள் காட்டும்போது, 'இதில் தெரியாதவர் பேச வந்தால் எவ்வாறு தடுப்பாய்?' என்று கேளுங்கள். அவளுக்கு அது தெரியாதாயின் இருவரும் சேர்ந்து தேடுங்கள். கருவியை அவள் கற்பிப்பாள். எச்சரிக்கையை நீங்கள் கற்பிப்பீர்கள். வேறொரு பயனும் உண்டு. ஒருநாள் அவளுக்குத் தீங்கு நேர்ந்தால், முதலில் உங்களிடம் வந்து சொல்வாள்.

6. தீங்கு நேர்ந்தபின்

பிள்ளை வந்து சொல்லும் அந்நேரத்தில் ஆசிரியர் நடந்துகொள்வதைப் பொறுத்தே பின்வருவன எல்லாம் அமையும். 'நீ ஏன் அதைப் பார்த்தாய், நீ ஏன் படம் அனுப்பினாய்' என்று தொடங்கினால் பிள்ளை வாய் மூடிக்கொள்ளும். கைபேசியைப் பிடுங்கி வைத்தால், அடுத்த முறை சொல்லவே மாட்டாது. பெண் பிள்ளையாயின் படிப்பையே நிறுத்திவிடும் வீடுகளும் உண்டு. அவ்வச்சத்தாலேயே பலர் மிரட்டுபவனுக்குப் பணிந்துபோகின்றனர். ஆகவே முதற் சொல், 'என்னிடம் சொன்னது நல்லது. இது உன் குற்றம் அன்று' என்பதாக இருக்கட்டும்.

அடுத்து, வசையும் மிரட்டலுமான செய்திகளை அழிக்காமல், நாள், நேரம், எண் ஆகியவற்றுடன் காத்து வைத்து, அதன் பின்னரே அனுப்பியவரைத் தடுக்க வேண்டும். பணம் ஏமாற்றப்பட்டிருந்தால் 1930 என்னும் எண்ணுக்குத் தாமதமின்றித் தெரிவிக்க வேண்டும். விரைவாகச் சொன்னால் பணத்தை வழியிலேயே நிறுத்த வாய்ப்புண்டு. மைய அரசின் தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்திலும் பதிவு செய்யலாம். குழந்தைகளுக்கான உதவி எண் 1098. பிள்ளையின் ஆபாசப் படம் சம்பந்தப்பட்டதாயின், ஆசிரியர் அதனைத் தம் கைபேசிக்கு மாற்றிக்கொள்ளவோ வேறெவர்க்கும் காட்டவோ கூடாது. அதுவே தனிக் குற்றமாகும். 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, குழந்தைமீதான பாலியல் குற்றத்தை அறிந்தவர் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆகவேண்டும். ஊர்ப் பெரியவர்கள் பேசி முடித்துவிடலாம் என்பதற்கு இங்கே இடமில்லை.

இழிவான படத்தைப் போட்டவனும் நம் மாணவனாகவே இருக்கலாம். அவனையும் கைவிடலாகாது. செய்ததை நீக்கச் செய்து, இழிக்கப்பட்டவனிடம் நேரில் வருத்தம் தெரிவிக்கச் செய்து, குழுவில் போட்டதற்குக் குழுவிலேயே திருத்தம் எழுதச் செய்ய வேண்டும். பலர் முன் செய்ததைத் தனியறையில் மட்டும் திருத்தினால் அது திருத்தமாகாது.

அன்பர்களே, இத்தனையும் ஒரே மாதத்தில் நடைபெறா. இவ்வாரம் முதற் பாடத்தின் துண்டுத் தாளிலிருந்து தொடங்குங்கள். வகுப்புக்குள் நுழையுமுன் உங்கள் கைபேசியை அணைத்து, பிள்ளைகள் காணுமாறு பைக்குள் வையுங்கள்.

பயில்வதற்குரிய வினாக்கள்

1. வாக்கின் நான்கு குற்றங்களுக்கும் உங்கள் வகுப்புக் குழுவிலிருந்து ஒவ்வோர் உதாரணம் எடுத்து, பெயர் நீக்கி எழுதுக.

2. 2018-இல் பரவிய வீடியோவில் வெட்டப்பட்ட பகுதி யாது? அது வெட்டப்படாதிருந்தால் பார்த்தவர் என்ன எண்ணியிருப்பர்?

3. நாற்பது பேர் குழுவில் மௌனமாயிருந்த முப்பத்தைவருள் ஒருவராக உங்களை எண்ணி, அன்று நீங்கள் எழுதக்கூடிய ஒரே வாக்கியத்தை எழுதுக.

4. நான்காம் பகுதியில் ஆசிரியர்க்குச் சொன்னவற்றுள் உங்களுக்கு மிகக் கடினமானது எது? அதனைக் கைக்கொள்ள நீங்கள் மாற்ற வேண்டிய பழக்கம் யாது?

5. அடுத்த மாதக் கூட்டத்துக்கு நீங்கள் கொண்டுவரும் சிக்கல் யாது? குறிப்பேட்டின் மூன்று பத்தியில் அதனை எழுதி வருக.